ரிமோட் வேலை செய்கிறது, எஞ்சின் மட்டும் அணைந்துவிடுகிறது

கார் சாவியின் உடைந்த உறையை மாற்றிய மறுநாளே ஆரம்பித்தது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், 2 நொடியில் அணையும். மீட்டரில் சாவிப் படம் வேகமாக மினுக்கும். சில நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். கதவுப் பூட்டு ரிமோட்டில் ஒழுங்காகத் திறந்ததால் சாவியைச் சந்தேகிக்கவே இல்லை.

சாவிக்குள் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றினேன். பலனில்லை, இம்மொபிலைசர் சிப்புக்குப் (திருட்டைத் தடுக்க, இது சரியான சாவிதான் என்று வண்டிக்குக் காட்டும் சிப்) பேட்டரியே தேவையில்லை, இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளான ‘காயில்’தான் அதற்கு மின்சாரம் தருகிறது. ஃபியூஸ் சரி. வண்டி பேட்டரி 12.6 வோல்ட். காயில் கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டியும் அதே கதை.

மூன்றாம் நாள் மாற்றுச் சாவியைப் போட்டேன்: 20 முறையும் ஓடியது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

பழைய சாவியைப் பிரித்தால், ரிமோட் பலகையோடு சேராத தனிக் கறுப்புத் துண்டு, ஏறக்குறைய 12 மில்லிமீட்டர், உறைக்குள் உருண்டுகொண்டிருந்தது. அதுதான் சிப். காயில் அதைப் படிக்கும் தூரம் சில சென்டிமீட்டர்தான். சாவி வளையம் மாட்டும் பக்கம் சிப் நழுவினால் எட்டாது. சாவியை ஆட்டும்போது கேட்ட சிறு சத்தமும் இதுவே. சாவித்தண்டை ஒட்டிய குழியில் வைத்து, ஒரு சொட்டு சிலிக்கான் பசை இட்டேன். அலுமினிய டேப் ஒட்டிவிடாதீர்கள், சிக்னலை மறைக்கும். அதன்பின் ஒருமுறைகூட அணையவில்லை.