தடைக்காலக் கஞ்சி: 100 பேருக்கு 61 நாள் தெரு அடுப்பு நடத்தும் முறை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீனவர் குடும்பம் என்று பதிவாகியிருப்பவர்களுக்கு அரசு நிவாரணம் வரும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர், கூடை சுமக்கிறவர், ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்கள், கருவாடு காயவைக்கும் பாட்டிகள் எனப் பலர் அந்தக் கணக்கில் வருவதில்லை. ரேஷன் அரிசியால் சோறு பொங்கிவிடலாம். பருப்புக்கும் கீரைக்கும் முட்டைக்கும்தான் கையில் காசு இருக்காது. தேவனாம்பட்டினம், தாழங்குடா, புதுச்சேரிப் பக்கம் வீராம்பட்டினம், நல்லவாடு போன்ற ஊர்களில் பத்துப் பேர் சேர்ந்து காலைக் கஞ்சி அடுப்பு ஒன்றை நடத்த இந்தக் குறிப்பு உதவும்.

அளவைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஆயிரம் பேருக்குப் பிரியாணி போட நன்கொடை சுலபமாகக் கிடைக்கும். மறுநாள் காலையில் அந்த ஆயிரம் பேருக்கும் பசிக்கும். 100 பேர், ஒருவருக்கு 400 மில்லி, 61 நாளும் தவறாமல். முடியாது என்று தோன்றினால் ஆள் எண்ணிக்கையை 60 ஆக்குங்கள், நாளைக் குறைக்காதீர்கள். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது என்றால், சுற்றுவட்டார மக்கள் அரிசியாகவும் காய்கறியாகவும் கொடுத்துக்கொண்டே இருப்பது அதற்கு முக்கியக் காரணம். நீங்களும் பணத்தைவிடப் பொருளாகவே கேளுங்கள்.

அடுப்பை எங்கே மூட்டுவது என்பதில் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. ஒரு சாதிக்கோ ஒரு கோயிலுக்கோ சொந்தமான இடத்தில் வைத்தால் பக்கத்துக் காலனியிலிருந்து யாரும் வரமாட்டார்கள், வெளிப்படையாகச் சொல்லவும் மாட்டார்கள். மீன் இறங்குதளம், பஸ் நிறுத்தம், ஆட்டோ ஸ்டாண்டு போன்ற எல்லோரும் நிற்கும் இடமாகப் பாருங்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிளறுகிறவர்களும் ஊற்றுகிறவர்களும் ஊர், காலனி என இரண்டு பக்கத்து ஆட்களாகவும் இருக்கட்டும். விடியற்காலையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும் என்பதால் அந்தப் பக்கம் தகரம் கட்டி மறைத்தால் விறகு மிச்சம். சவுக்கு விறகு ஒரு நாளைக்கு 12 முதல் 15 கிலோ ஆகும். கேஸ் என்றால் 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டு சிலிண்டரைத் தெருவில் வைக்காதீர்கள்.

வாரத்தில் ஐந்து நாள் பயறு கஞ்சி, இரண்டு நாள் கேழ்வரகுக் கூழ் என்று பிரித்துக்கொள்ளலாம். 100 பேருக்கான பயறு கஞ்சிக்கு நொய் 5 கிலோ, பாசிப்பருப்பு 2 கிலோ, சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், உருவிய முருங்கைக்கீரை 2 கிலோ, கடலெண்ணெய் அரை லிட்டர், உப்பு 250 முதல் 300 கிராம், தண்ணீர் 42 லிட்டர். பாத்திரம் 60 லிட்டர் அண்டா. அதற்குக் குறைந்தால் பொங்கி வழியும். ஒருவருக்கு ஏறக்குறைய 290 கலோரியும் 9 கிராம் புரதமும் கிடைக்கும். செலவு கட்டவில்லை என்று முதலில் பருப்பில் கைவைப்பார்கள், விடாதீர்கள். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக் கூறைப் பருப்புதான் ஈடுகட்டுகிறது. பருப்பைப் பாதியாக்கினால் வயிறு மட்டும் நிரம்பும்.

கடலோர போர்வெல் தண்ணீரில் பருப்பு சரியாக வேகாது. அந்தத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் பருப்பை விறைக்கச் செய்துவிடும், உப்பு அளவும் குழம்பிப்போகும். முந்தின மாலையே குழாய்க் குடிநீரை டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள். கை கழுவவும் பாத்திரம் துலக்கவும் சேர்த்தால் 200 லிட்டர் வேண்டும்.

கீரையை உருவ ஆள் கிடைக்காவிட்டால், முருங்கைக் கொத்துகளை இரவே பருத்தித் துணியில் இறுகக் கட்டி வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் இலை தானாகக் கொட்டும், கிடக்கும் காம்பை மட்டும் பொறுக்கினால் போதும்.

காலை 4.45-க்கு அடுப்பு. தண்ணீர் கொதிக்கவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கொதித்ததும் பருப்பும் வெந்தயமும். இருபது நிமிடம் கழித்து ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாமல் மசிந்தால் கழுவிய நொய்யைத் தூவலாம். மொத்தமாகக் கொட்டினால் நொய் அடியில் போய் உட்கார்ந்து பிடிக்கும். ஒருவர் தூவ, இன்னொருவர் துடுப்பை அடிதொட்டுத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் தீயைக் குறைத்து அரை மணி நேரம். எண்ணெயில் வதக்கிய வெங்காயம், பூண்டு, பின் உப்பு, கடைசி ஐந்து நிமிடத்தில் கீரை. இறக்கியபின் பத்துப் பன்னிரண்டு எலுமிச்சைப் பழம் பிழிந்து கலக்குங்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். கஞ்சி குடித்த கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறையும். இதைச் சொல்லலாம், கேட்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அடி பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். தீயை அணைத்து, மேலே உள்ளதை மட்டும் வேறு அண்டாவுக்கு மாற்றினால் தீய்ந்த வாடை பெரும்பாலும் தப்பிவிடும். கலக்கிவிட்டால் 43 லிட்டரும் போச்சு.

கூழுக்கு 5 கிலோ கேழ்வரகு மாவை முந்தின நாள் காலையே பச்சைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வையுங்கள். சுடுதண்ணீரில் மாவைப் போட்டால் கட்டி தட்டும், அதை உடைக்க ஆளாகாது. மாலையில் 2 கிலோ நொய்யை 15 லிட்டர் தண்ணீரில் வேகவைத்து, புளித்த கரைசலை ஊற்றிக் களி பதத்துக்குக் கிண்டி, அகலமான மூன்று பாத்திரங்களில் பிரித்து ஆறவிடுங்கள். ஒரே அண்டாவில் விட்டால் நடுப்பகுதி இரவெல்லாம் வெதுவெதுப்பாகவே இருக்கும். காலையில் 5 லிட்டர் மோரும், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரும் விட்டுக் கரைத்து 40 லிட்டராக்குங்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. பால் வாங்க முடியாத வீடுகளுக்கு இது பெரிய துணை. ஆடிக்கூழ் ருசி பழகிய ஊர்களில் கம்பும் கேட்பார்கள். போடலாம், ஆனால் கம்பில் கொழுப்பு அதிகம் என்பதால் அரைத்த மாவு சீக்கிரமே கசந்துவிடும். தானியமாக வாங்கி, தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே வாரம் இரண்டு முட்டை, மற்ற நாளில் 3 கிலோ கொண்டைக்கடலைச் சுண்டல் அல்லது வேகவைத்த வேர்க்கடலை. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் வேர்க்கடலை மலிவாகக் கிடைக்கும். சுருங்கியது, கறுத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அவற்றில் இருக்கக்கூடிய பூஞ்சை நஞ்சு வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கஞ்சியைக் குறைத்துச் சுண்டலைக் கூட்டி வையுங்கள்.

7 மணிக்கு ஊற்ற ஆரம்பித்து 8.30-க்குள் முடித்துவிடுங்கள். பயறு கஞ்சி அதுவரை 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்க அடியில் தணல் போதும். மிஞ்சியதை மதியத்துக்கு வைக்காதீர்கள், சூடு பண்ணியும் கொடுக்காதீர்கள். அரிசியில் உள்ள சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாது. ஆறும்போது அவை விடும் நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. தினமும் ஒரு டம்ளர் கஞ்சியை மூடி ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்திருங்கள், யாருக்காவது வயிறு கெட்டால் சோதிக்க ஆகும். முந்தின இரண்டு நாளில் வயிற்றுப்போக்கு இருந்தவர் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. வெளியில் சமைத்த சாப்பாட்டைக் கல்யாண மண்டபத்திலிருந்து கொண்டுவந்தால், எத்தனை மணிக்கு இறக்கியது என்று தெரியாதவரை வாங்காதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் அடிப்படைப் பதிவுக்குக் கட்டணம் குறைவுதான். அன்னதானம்தானே என்று தள்ளிப்போட வேண்டாம்.

வருகிறவரிடம் கார்டு கேட்காதீர்கள், யார் வீடு என்று விசாரிக்காதீர்கள். பெண்கள் தூக்குவாளியோடு வந்து வீட்டுக்கு வாங்கிப் போவார்கள். அதைத் தடுத்தால் அவர்கள் வராமலே இருந்துவிடுவார்கள். “இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தும்மா, வீட்ல அப்பா படுத்துருக்காரு” என்று கேட்டால் ஊற்றுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குத் தனியாகப் பத்துப் பங்கு எடுத்து வைத்தபிறகே வரிசையைத் தொடங்குங்கள். நன்கொடையாளர் வாங்குகிறவர் முகத்தோடு போட்டோ எடுக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதனால் சில நன்கொடைகள் போகும், போகட்டும்.

61 நாளில் 17 நாள் கூழ், 44 நாள் கஞ்சி என்றால் நொய் 254 கிலோ, பாசிப்பருப்பு 88 கிலோ, கேழ்வரகு 85 கிலோ. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கினால் வெயிலில் வண்டு விழும். பத்து நாளைக்கு ஒரு முறை வாங்கி, பலகையின்மேல் மூட்டையை அடுக்குங்கள். அன்றன்று வந்த பொருள், ஆன செலவு, குடித்தவர் எண்ணிக்கை மூன்றையும் அடுப்புப் பக்கத்திலேயே கரும்பலகையில் எழுதி வைத்தால் கணக்குப் பேச்சு எழாது.

ஜூன் முதல் வாரத்தில், படகு போனாலும் வரப்போகிறவர்கள் யார் என்று பாருங்கள். தனியாக இருக்கும் முதியோருக்கு ஓய்வூதியமும் சத்துணவு மையச் சாப்பாடும், கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அங்கன்வாடிச் சத்துமாவும், மிக ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ அரிசி தரும் அந்தியோதயா அட்டையும் இருக்கிறதா என்று விசாரித்து, இல்லாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துக்குக் கூடவே ஒருவர் போக வேண்டும். மனு நகர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதுவரை பத்துப் பதினைந்து பேருக்குச் சின்னப் பாத்திரத்தில் கஞ்சி தொடரட்டும். அதற்கு 700 கிராம் நொய்யும் 300 கிராம் பருப்பும் போதும்.