டைல்யூஷன் தகராறை எப்படிப் படிப்பது?

முதல் உலகப் போரின்போது பிரிட்டன் பொறியியல் ஆலைகளை உலுக்கிய சொல் டைல்யூஷன். கைதேர்ந்த தொழிலாளியின் வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, வெளியிலிருந்து வந்த பெண்களுக்கும் பயிற்சி குறைந்த ஆண்களுக்கும் கொடுப்பதே அது. இதை 'ஆண்கள் பெண்களை எதிர்த்தார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் பாதி விஷயம் கைநழுவிவிடும்.

லேத்திலிருந்து, அதாவது உலோகத்தைக் கடையும் இயந்திரத்திலிருந்து தொடங்குங்கள். செட்டிங் (வேலைக்கு ஏற்ப இயந்திரத்தைச் சரிசெய்து வைப்பது) செய்தவர் யார், ஓட்டியவர் யார், டூலை, அதாவது வெட்டும் கருவியைச் சாணை பிடித்தவர் யார் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கூலி. இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். 1915 அக்டோபரில் மியூனிஷன்ஸ் (போர்த்தளவாட) அமைச்சகம் விட்ட எல்2 சுற்றறிக்கைப்படி, ஆண்கள் செய்துவந்த வேலைக்கு வரும் பெண்ணுக்கு வாரம் 1 பவுண்டு. கைதேர்ந்தவரின் முழு வேலையையும் செய்தால் அவருடைய கூலியே கிடைக்க வேண்டும். வம்பே அந்த 'முழு' என்ற சொல்லில்தான். செட்டிங்குக்கு வேறொருவர் கைகொடுத்தால் அது முழு வேலை ஆகாது என்று முதலாளி வாதிடலாம். மலிவான கூலி நிலைத்துவிட்டால் போர் முடிந்ததும் தன் இடம் திரும்பக் கிடைக்காது என்பது பழைய தொழிலாளியின் பயம். சுற்றறிக்கை வந்தபோது அதற்குக் கட்டாயமும் இல்லை. 1916 தொடக்கத்தில்தான் சட்டபலம் கிடைத்தது. ஆகவே தகராறு நடந்த மாதத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பிறகு காகிதங்கள். 1915 மார்ச்சில் தொழிற்சங்கத் தலைவர்கள் கையெழுத்திட்ட கருவூல ஒப்பந்தமும், ஜூலையில் வந்த மியூனிஷன்ஸ் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையும் அவசியம். பழைய வழக்கத்திலிருந்து எது மாறியது என்பதற்கு ஆலை பதிவேடு வைக்க வேண்டும் என்கிறது அந்த அட்டவணை. சங்கங்கள் பழைய வழக்கத்தை விட்டுக்கொடுத்தது போர் வேலைக்கு மட்டும். 1917 மே வேலைநிறுத்தம் ரோச்டேலில் வெடித்ததற்குக் காரணம், போர் சாராத தனியார் வேலையிலும் டைல்யூஷனைப் புகுத்தியதே. ஆனால் கைதேர்ந்தவர்களுக்குப் படைச்சேர்ப்பிலிருந்து விலக்களித்த டிரேடு கார்டு பறிபோன கோபமும் அதில் கலந்திருந்தது. இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

கையெழுத்துப் போட்டவர்களும் வேலையை நிறுத்தியவர்களும் ஒரே ஆட்கள் அல்ல. பின்னவர்களை ஷாப் ஸ்டூவர்டுகள், அதாவது ஆலைக்குள்ளேயே தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் நடத்தினார்கள். 1916 மார்ச்சில் கிளாஸ்கோ பார்க்ஹெட் ஆலையில் மூண்ட சண்டையைப் பாருங்கள்: அங்கே ஷாப் ஸ்டூவர்டாக இருந்த டேவிட் கிர்க்வுட் மற்றப் பிரிவுகளுக்குப் போய்ப் புதிதாக வந்தவர்களோடு பேசலாமா கூடாதா என்பதே பிரச்சினை. அவரையும் வேறு சிலரையும் அரசு நகரத்தைவிட்டே வெளியேற்றியது.

கடைசியாக 1919 சட்டம்: பழைய வழக்கத்தை இரண்டு மாதத்துக்குள் மீட்டு, ஓராண்டு காக்க வேண்டும். ஓராண்டுக்குப் பிறகு நீங்கள் படிக்கும் ஆலைப் பிரிவில் செட்டிங் யார் கையில் இருந்தது என்பதையும் தேடிப் பாருங்கள்.