க்யூவுக்கு 30 சதவீதம் என்று எழுதினால் போதுமா? யார்ன் கிளஸ்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல கணினிகள் சேர்ந்த ஒரு கிளஸ்டரின் மெமரியையும் சிபியுவையும் ஜாப்களுக்குப் பங்கிட்டுத் தருவது ஹடூப் யார்ன். அதன் கெபாசிட்டி ஷெட்யூலர் அவற்றைக் குழுக்களுக்கான க்யூக்களாகப் பிரிக்கிறது. அதில் ஒரு க்யூவுக்கு 30 என்று எழுதிவிட்டால், அந்தக் குழுவுக்கு எந்த நேரமும் 30 சதவீதம் தயாராக இருக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் ஒதுக்கி வைக்கப்படுவதில்லை. போட்டி வரும்போது யாருக்கு முன்னுரிமை என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. உண்மையில் எவ்வளவு கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பதை வேறு நான்கைந்து அமைப்புகள் முடிவு செய்கின்றன. பெரும்பாலான கிளஸ்டர்களில் அவற்றை யாரும் தொடுவதே இல்லை.

கணக்குக்காக ஒரு கிளஸ்டரை வைத்துக்கொள்வோம்: 10 நோடுகள் (கணினிகள்), ஒவ்வொன்றிலும் யார்னுக்கு 100 ஜிபி மெமரி, 16 வீகோர் (யார்ன் எண்ணும் சிபியு கோர்). மொத்தம் 1000 ஜிபி. மூன்று க்யூக்கள்: தயாரிப்பு 60, ஆய்வு 30, சோதனை 10.

கடன் கொடுக்கத் தெரிகிறது, திருப்பி வாங்கத் தெரியவில்லை

இதுதான் பெரிய தவறு. மற்ற க்யூக்கள் சும்மா இருக்கும்போது ஒரு க்யூ தன் பங்கைத் தாண்டி விரியலாம். மேக்சிமம்-கெபாசிட்டி என்ற உச்சவரம்பு எழுதப்படாவிட்டால் அது 100. ஆகவே பகலில் தயாரிப்பு க்யூ காலியாக இருந்தால் ஆய்வு க்யூ 1000 ஜிபியையும் பிடித்துக்கொள்ள வழி இருக்கிறது. மாலையில் தயாரிப்பு ஜாப்கள் வருகின்றன. அவர்களுக்குரிய 600 ஜிபி எங்கே? ஆய்வு க்யூவின் கன்டெய்னர்கள் (ஜாப்களுக்குத் தரப்பட்ட மெமரி-சிபியு துண்டுகள்) தாமாக முடிகிற வரை காத்திருக்க வேண்டியதுதான், ஏனென்றால் பிடுங்கித் தரும் வசதியான ப்ரீஎம்ப்ஷன் இயல்பாக அணைந்தே இருக்கிறது.

ஹடூப்பின் பழைய கணிப்பு முறையான மேப்ரெட்யூஸ் காலத்தில் இது பெரிதாக வலிக்கவில்லை. ஒரு டாஸ்க் சில நிமிடங்களில் முடிந்து கன்டெய்னரும் விடுபடும். ஸ்பார்க்கில் டாஸ்க்குகளை ஓட்டும் எக்ஸிக்யூட்டர் அப்படியல்ல. டைனமிக் அலொகேஷன் (தேவைக்கேற்ப எக்ஸிக்யூட்டர்களைக் கூட்டிக் குறைப்பது) இல்லாமல் ஓடும் ஸ்பார்க் ஜாப், கடைசி வரை எல்லா எக்ஸிக்யூட்டர்களையும் கையில் வைத்திருக்கும். டைனமிக் அலொகேஷன் போட்டிருந்தால் 60 விநாடி சும்மா இருக்கும் எக்ஸிக்யூட்டர் விடப்படும். ஆனால் அதில் கேஷ் செய்த (மறுபடி பயன்படுத்தத் தேக்கி வைத்த) தரவு இருந்தால் இயல்பான காத்திருப்பு நேரம் முடிவிலி! யாரோ ஒருவர் நோட்புக்கில் ஒரு டேட்டாஃப்ரேமை கேஷ் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், விடியும் வரை அந்த மெமரி திரும்பாது. கேஷ் உள்ள எக்ஸிக்யூட்டருக்கான அந்தக் காத்திருப்பை 30 நிமிடம் போல ஒரு எண்ணாக எழுதிவிடுங்கள்.

ப்ரீஎம்ப்ஷனைப் போட்டுவிட்டால் உடனே சரியாகிவிடும் என்பது அடுத்த தவறான நம்பிக்கை. இயல்பான எண்களைப் பாருங்கள். 3 விநாடிக்கு ஒருமுறை கணக்கு பார்க்கப்படும். ஒரு சுற்றில் கிளஸ்டரின் 10 சதவீதத்துக்கு மேல் குறிவைக்காது. 'எப்படியும் சில கன்டெய்னர்கள் தாமாக முடியும்' என்று கருதி, அந்த இலக்கிலும் 0.2 பங்கைத்தான் கேட்கும். கேட்ட பிறகும் 15 விநாடி அவகாசம் தந்தே கொல்லும். இத்தனை பிரேக்குகளும் சேர்ந்து வேலை செய்வதால், 10 சதவீதத்தை மட்டும் 30 ஆக்கிவிட்டு ஏன் இன்னும் மெதுவாக இருக்கிறது என்று கேட்பதில் பொருளில்லை. நீண்ட நேரம் ஓடும் ஸ்பார்க் ஜாப்கள் அதிகம் என்றால் 0.2 என்ற அந்தக் காரணியைத்தான் 1 நோக்கி உயர்த்த வேண்டும், ஏனென்றால் அங்கே தாமாக முடிகிற கன்டெய்னர்கள் மிகக் குறைவு. இன்னொன்று: பங்கைவிட 10 சதவீதம் வரை கூடுதலாக இருப்பதை அது கண்டுகொள்ளாது. 300 ஜிபிக்குரிய க்யூ 330 வரை வைத்திருந்தால் அது பிழையல்ல.

ப்ரீஎம்ப்ஷனில் கொல்லப்பட்ட கன்டெய்னரின் எக்ஸிட் கோட் -102. லாகில் இதைப் பார்த்து மெமரி போதவில்லை என்று எண்ணி எக்ஸிக்யூட்டரைப் பெரிதாக்குவது வீண்வேலை. ஷஃபிள் தரவை (ஸ்டேஜ்களுக்கு இடையே கைமாறும் தரவை) எக்ஸிக்யூட்டர் போன பிறகும் தரும் எக்ஸ்டெர்னல் ஷஃபிள் சர்வீஸ், ஒவ்வொரு நோடிலும் உள்ள நோட்மேனேஜரில் ஓடுகிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் எக்ஸிக்யூட்டரோடு அதன் ஷஃபிள் தரவும் போய், முடிந்த ஸ்டேஜ்கள் மறுபடி ஓடும்.

ப்ரீஎம்ப்ஷனே வேண்டாம் என்றால் உச்சவரம்பை இறுக்குங்கள். தயாரிப்புக்கு வந்தவுடன் 400 ஜிபி கிடைத்தாக வேண்டும் என்றால், மற்ற இரண்டின் உச்சவரம்புகளும் சேர்ந்து 60ஐத் தாண்டக்கூடாது: ஆய்வுக்கு 45, சோதனைக்கு 15. கிளஸ்டர் கொஞ்சம் காலியாகக் கிடக்கும்தான். நேரக்கெடு உள்ள ஜாப்கள் இருக்கும் இடத்தில் அந்த விரயம் நியாயமானதே.

பாதி கிளஸ்டர் காலி, ஆனாலும் ஒருவருக்குக் கிடைக்கவில்லை

உச்சவரம்பு 100. பக்கத்தில் 700 ஜிபி சும்மா கிடக்கிறது. ஆனால் ஆய்வு க்யூவில் தனியாக ஜாப் போட்டவர் 300 ஜிபியிலேயே நிற்கிறார். காரணம் யூசர்-லிமிட்-ஃபேக்டர். இதன் இயல்பான மதிப்பு 1. ஒரு பயனர் க்யூவின் எழுதப்பட்ட பங்கில் ஒரு மடங்கு வரைதான் போகலாம் என்று பொருள். 2 என்றால் 600, 3 என்றால் 900. உச்சவரம்பை உயர்த்துகிறவர்கள் இதையும் சேர்த்து மாற்றாவிட்டால் பல பயனர்கள் ஒரே நேரத்தில் வந்தால்தான் க்யூ விரியும்.

இதற்கு நேர் எதிர் பிரச்சினை மினிமம்-யூசர்-லிமிட்-பெர்சன்ட். இதன் இயல்பு மதிப்பு 100, அதாவது முதலில் வந்தவரே க்யூ முழுவதையும் எடுக்கலாம். 25 என்று வைத்தால் இருவர் வந்தால் ஆளுக்குப் பாதி, நால்வர் வந்தால் கால் கால். ஐந்தாமவர் காத்திருப்பார். ஆனால் எல்லா நோட்புக்குகளும் ஒரே சர்வீஸ் அக்கவுன்ட் பெயரில் ஜாப் போடும் இடத்தில் இது எதற்கும் உதவாது. ஷெட்யூலருக்கு அங்கே பயனர் ஒருவரே. க்யூவுக்குள் ப்ரீஎம்ப்ஷனும் தனி அமைப்பு. க்யூக்களுக்கு இடையே போட்டது உள்ளேயும் வேலை செய்யாது.

அக்செப்டட் நிலையில் தேங்கும் ஜாப்கள்

சோதனை க்யூவின் பங்கு 100 ஜிபி. பக்கத்து க்யூக்கள் நிறைந்திருக்கின்றன. இரண்டு ஜாப்கள்தான் ஓடுகின்றன, மூன்றாவது அக்செப்டடிலேயே (ஏற்கப்பட்டும் தொடங்காத நிலையில்) நிற்கிறது, க்யூவிலோ இன்னும் இடம் இருக்கிறது. இங்கே தடுப்பது, ஒவ்வொரு ஜாப்புக்கும் வளங்களைக் கேட்டு நிர்வகிக்கும் அப்ளிகேஷன் மாஸ்டர்களுக்கான வரம்பு. இயல்பாக அது 0.1, அதாவது 10 ஜிபி. ஸ்பார்க்கைக் கிளஸ்டர் மோடில் 4 ஜிபி டிரைவரோடு (ஜாப்பை வழிநடத்தும் முதன்மை நிரல்) அனுப்பினால் டிரைவரே அப்ளிகேஷன் மாஸ்டர். 4096 எம்பி, அதோடு 10 சதவீத ஓவர்ஹெட் (கூடுதல் மெமரி), 1024ன் மடங்காக மேலே உருட்டினால் 5 ஜிபி. இரண்டு ஜாப்களில் 10 ஜிபி தீர்ந்தது. அதே ஜாப்பைக் கிளையன்ட் மோடில் (டிரைவர் யார்னுக்கு வெளியே ஓடும் முறை) அனுப்பினால் அப்ளிகேஷன் மாஸ்டருக்கு 1 ஜிபிதான், பத்து ஜாப்கள் வரை தொடங்கும்.

இந்த வரம்பைச் சிறு க்யூவுக்கு மட்டும் தனியாக 0.3 ஆக்கலாம். 1 ஆக்கிவிடாதீர்கள். இருபது டிரைவர்கள் 100 ஜிபியையும் பிடித்துக்கொள்ள, எக்ஸிக்யூட்டருக்கு இடமில்லாமல் இருபதும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

சிபியு கணக்கில் வருகிறதா?

இயல்பான டிஃபால்ட்-ரிசோர்ஸ்-கால்குலேட்டர் மெமரியை மட்டுமே பார்க்கும். 5 ஜிபி, 5 கோர் கேட்கும் எக்ஸிக்யூட்டர்களை அது ஒரு நோடில் இருபது வரை அடுக்கும். 16 வீகோர் உள்ள இடத்தில் நூறு டாஸ்க்குகள்! வெப் திரையில் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் 1 வீகோர் என்று காட்டுவதுதான் அடையாளம்.

சிபியுவையும் சேர்த்துப் பார்க்கும் டாமினன்ட்-ரிசோர்ஸ்-கால்குலேட்டருக்கு மாறினால் நோடுக்கு மூன்றுதான் நிற்கும். 15 ஜிபி பயன்பாடு, 85 ஜிபி காலி. மாற்றியதும் கிளஸ்டர் பாதியாகச் சுருங்கிவிட்டது என்று புகார் வரும். சுருங்கவில்லை, இதுவரை மறைந்திருந்த நெரிசல் இப்போது தெரிகிறது. கேட்கும் மெமரிக்கும் கோருக்கும் உள்ள விகிதம் நோடின் விகிதத்துக்கு அருகில் இருக்கும்படி ஜாப்களைத் திருத்த வேண்டும். மாற்றத்துக்கு யார்னின் மையச் சேவையான ரிசோர்ஸ்மேனேஜரை மறுதொடக்கம் செய்ய வேண்டும். சிபியு பயன்பாட்டுக்கு வரம்பு போடும் லினக்ஸ் வசதியான சிக்ரூப் இல்லாவிட்டால் வீகோர் வெறும் கணக்குதான், கேட்டதைவிட அதிக சிபியு எடுப்பதை எதுவும் தடுக்காது.

மெமரியிலும் உருட்டல் விரயம் உண்டு. 8 ஜிபி எக்ஸிக்யூட்டர் ஓவர்ஹெட்டோடு 9011 எம்பி. கன்டெய்னரின் குறைந்தபட்ச அளவான மினிமம்-அலொகேஷன் 1024 என்றால் 9216 ஆகி, ஒரு நோடில் 11 நிற்கும். 4096 என்று வைத்திருந்தால் 12288, நோடுக்கு 8தான்.

எழுதும்போது நேரும் பிழைகள்

உள்க்யூவின் சதவீதம் தாய் க்யூவைப் பொறுத்தது. ஆய்வின் கீழ் 40 என்றால் கிளஸ்டரில் 12. ஒரே தாயின் கீழுள்ளவை கூட்டினால் 100 வர வேண்டும். வராவிட்டால், அமைப்புக் கோப்பை மறுபடி படிக்கும் ரிஃப்ரெஷ்-க்யூஸ் கட்டளை பிழை காட்டி, பழைய அமைப்பே தொடரும். கோப்பைத் திருத்திவிட்டு ரிஃப்ரெஷ் செய்யாமல் விடுவதுதான் ஆபத்து: அந்தப் பிழை என்றோ ஒரு நாள் ரிசோர்ஸ்மேனேஜர் மறுதொடக்கத்தில் வெளிப்பட்டு, அது எழுந்திருக்கவே மறுக்கும்.

குழுவுக்கு ஒன்று என்று 2 சதவீதத்தில் இருபது முப்பது க்யூக்கள் வைப்பதும் வேண்டாம். 20 ஜிபி க்யூவில் அப்ளிகேஷன் மாஸ்டர் வரம்பு 2 ஜிபி. நெரிசலில் ஒரு ஜாப் ஓடினாலே அதிகம். குழுக்களைச் சேர்த்து மூன்று நான்கு க்யூக்களாக வைத்து, உள்ளே பயனர் வரம்பால் பிரிப்பது நல்லது.

அனுமதிப் பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது. தாய் க்யூவில் அனுமதி உள்ளவருக்கு உள்க்யூவிலும் உண்டு. எல்லா க்யூக்களுக்கும் தாயான ரூட்டில் இயல்பாக நட்சத்திரக் குறி (எல்லோருக்கும் அனுமதி) இருப்பதால், கீழே யார் பெயரை எழுதினாலும் எல்லோரும் எங்கும் ஜாப் போடலாம். ரூட்டில் ஒற்றை இடைவெளியை மதிப்பாகக் கொடுத்தால்தான் அந்தக் கதவு மூடும். அதற்கும் முன்னால் யார்னில் ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்) வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். இயல்பாக அது அணைந்திருக்கும்.