கிழிக்கப்பட்ட ரெக்கார்டு நோட்டு: ஏடிஎச்டி உள்ள பதின்வயதுப் பிள்ளைகளின் தற்கொலை ஆபத்தைக் கண்டறிந்து கையாளும் முறை

இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் மின்சுற்றுப் படத்தைத் திரும்பத் திரும்ப அழித்து வரைந்து, தாள் நைந்து ஓட்டை விழுந்ததும் பக்கத்தையே கிழித்தெறிந்துவிட்டு, மறுநாள் நோட்டே இல்லாமல் வகுப்பில் நிற்கும் பிளஸ் ஒன் மாணவனை ஆசிரியர் சோம்பேறி என்றும் பெற்றோர் பொறுப்பற்றவன் என்றும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அவன் நோட்டை வைக்காததற்குக் காரணம், பிழையோடு வைப்பதைவிட வைக்காமலிருப்பதே மேல் என்று அவன் நினைப்பதுதான். ஏடிஎச்டி (கவனத்தை நிலைநிறுத்தவும் உந்துதலைக் கட்டுப்படுத்தவும் சிரமப்படும் வளர்ச்சிக் குறைபாடு) உள்ள பிள்ளைகளிடம், எதிலும் பிழையே கூடாது என்ற பெர்ஃபெக்‌ஷனிசம் பெரும்பாலும் ஒழுங்காக அடுக்கிய மேசையாகத் தெரிவதில்லை; முடிக்கப்படாத வேலையாகவும் கடைசி நேரம் வரை தள்ளிப்போடுவதாகவுமே தெரிகிறது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, அரைகுறையாக நிற்கும் வேலையைப் பார்த்ததும் கண்டிக்காமல், "இதுல எந்த இடம் சரியா வரலைன்னு தோணுது?" என்று கேட்பதே.

பால் ஹெவிட், கார்டன் ஃப்ளெட் என்ற உளவியலாளர்கள் 1991-இல் இந்தக் குணத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. தற்கொலை எண்ணத்தோடு ஆய்வுகள் தொடர்ந்து இணைத்துப் பேசுவது இந்த மூன்றாவது வகையைத்தான். "புத்தி இருக்கு, மனசு வச்சா முடியும்" என்ற வாக்கியத்தைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளரும் ஏடிஎச்டி பிள்ளைக்கு அந்த நம்பிக்கை எளிதில் வேரூன்றிவிடுகிறது. என்னைக் கேட்டால், அந்த வாக்கியத்தை வீட்டிலிருந்து முதலில் வெளியேற்ற வேண்டும். இதோடு, நினைத்ததை உடனே செய்துவிடும் உந்துதல் இக்குறைபாட்டின் இயல்பாக இருப்பதால், எண்ணத்துக்கும் செயலுக்கும் இடைப்பட்ட நேரம் சுருங்கிவிடக்கூடும். ஏடிஎச்டி உள்ள பெரும்பாலான பிள்ளைகள் தற்கொலைக்கு முயல்வதில்லை என்றாலும், இந்த இரண்டும் சேரும் இடத்தில் கூடுதல் கவனம் தேவை.

அன்றாட வேலையில் "போதும்" என்ற அளவைத் தொடங்கும் முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். ஒரு படத்துக்கு இருபது நிமிடம், இரண்டு முறைக்கு மேல் அழிப்பதில்லை, நேரம் முடிந்ததும் எந்த நிலையில் இருந்தாலும் நோட்டை மூடிவிடுவது என்று எழுதி ஒட்டலாம். ரெக்கார்டை மொத்தமாகக் கேட்காமல் ஒவ்வொரு சோதனையாகப் பார்த்துக் கையெழுத்திட ஆசிரியர் இசைந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். உங்கள் தவறுகளை நீங்கள் எப்படி எதிர்கொள்கிறீர்கள் என்பதையும் பிள்ளை கவனிக்கிறது. கருகிய தோசைக்காக வீட்டில் யாரோ ஒருவர் திட்டு வாங்கினால், அதிலிருந்தும் அது பாடம் படித்துக்கொள்கிறது.

"நான் எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சு, தூக்கம் கெடுவது, நண்பர்களிடமிருந்து விலகுவது, ஆசையாக வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, உடலில் தானே ஏற்படுத்திக்கொண்ட காயங்கள் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தனியாக உட்கார்ந்து நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு உனக்கு எப்பவாவது தோணியிருக்காம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பல பிள்ளைகளுக்கு அது ஆறுதலாகவே இருக்கிறது. ஆம் என்று பதில் வந்தால் அதிர்ச்சியைக் காட்டாமல், அறிவுரையும் சொல்லாமல், முழுவதையும் கேளுங்கள். சத்தியம் வாங்காதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நீங்களும் வாக்குக் கொடுக்காதீர்கள். அன்று பிள்ளையைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள மருந்துகளையும் நச்சுப் பொருள்களையும் எட்டாத இடத்தில் பூட்டிவிட்டு, அன்றே மனநல மருத்துவரை நாடுங்கள். போலீஸ் வழக்காகிவிடுமோ என்று அஞ்சித் தயங்க வேண்டியதில்லை: இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதித் தண்டனையிலிருந்து விலக்குகிறது.

மருத்துவமனையில் ஏடிஎச்டி, மனச்சோர்வு, பெர்ஃபெக்‌ஷனிசம் மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். ஏடிஎச்டிக்குத் தரப்படும் அட்டமாக்செட்டின் என்ற மாத்திரையைத் தொடங்கினால், சிறுவர்களிடம் தற்கொலை எண்ணம் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கை அதற்கு உண்டு என்பதால், முதல் சில வாரங்களில் மனநிலை மாற்றத்தைக் கவனித்து மருத்துவரிடம் தெரிவியுங்கள்; நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனம் அலைபாயத் தொடங்கும் அறிகுறிகள், அப்போது தானே செய்யக்கூடியவை, அழைக்க வேண்டியவர்களின் எண்கள் ஆகியவற்றைப் பிள்ளையே தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். நெருக்கடியில் எதையும் தேடி நினைவுகூர முடியாத பிள்ளைக்கு அந்தத் தாள் பெரிதும் உதவும். அதில் மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, தமிழ்நாட்டின் உதவி எண் 104, இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926 ஆகியவை இருக்கட்டும்.

தேர்வு முடிவு நாளைத் தனியாகத் திட்டமிடுங்கள். மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களின் பட்டியலை வெளியிடுவதைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் இன்னும் நிறுத்தவில்லை. மதிப்பெண்ணை முதலில் பிள்ளை பார்க்கட்டும், யாரிடம் எப்போது சொல்வது என்பதை அதுவே முடிவுசெய்யட்டும். தவறியவர்கள் அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதலாம் என்பதை முடிவு வருவதற்கு முன்பே சொல்லிவையுங்கள். 95 எதிர்பார்த்து 88 பெற்ற பிள்ளைக்கும் அன்று துணை வேண்டும். தேர்ச்சி பெற்றுவிட்டதே என்று விட்டுவிடாமல், அடுத்த சில நாள்கள் இரவில் தூங்குகிறதா, சாப்பிடுகிறதா என்று பார்த்து, செத்துப் போவதைப் பற்றிய அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.