பால்கனியில் புறா அடையாமல் வலை கட்டுவது எப்படி: மூன்று முறை கட்டியவனின் குறிப்புகள்

மடிப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாவது மாடி வீட்டின் பின்பக்கப் பால்கனி இரண்டு வருடம் எங்கள் வசம் இல்லை. துணி காயப்போட முடியாது, ஜன்னலைத் திறக்க முடியாது. விடியற்காலை நாலரை மணிக்கே முனகல் தொடங்கிவிடும். ஆள் வைத்து ஒரு முறை, நானே ஒரு முறை, கட்டியதை அவிழ்த்து மறுபடி ஒரு முறை என்று மூன்று தடவை வலை கட்டினேன். கடைசி வலைக்கு ஒன்பது மாதம் ஆகிறது. உள்ளே ஓர் இறகுகூட விழவில்லை.

வலைக்கு முன்னால் காசைக் கரைத்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய குறுந்தகடுகளைத் தொங்கவிட்டேன். நாலு நாள் பயம் இருந்தது. ஐந்தாம் நாள் ஓர் ஆண் புறா அதன் முன் கழுத்தைப் புடைத்துக்கொண்டு வட்டமடித்தது. பிளாஸ்டிக் ஆந்தையின் தலைமேல் எச்சம் இருந்தது. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பும் கருவி என்று ஒன்று விற்கிறார்கள், வாங்காதீர்கள். நமக்கே கேட்காத அந்த உச்ச ஒலி புறாவுக்குச் சுத்தமாகக் கேட்காது. ஒட்டும் பசை வகையறாவையும் தொடாதீர்கள். நம் ஊர்த் தூசியில் சில வாரத்தில் பசை செத்துவிடும்; அதற்குள் ஏதாவது சின்னக் குருவி மாட்டிக்கொண்டு சாகும்.

மாடப்புறாவின் மூதாதைகள் மலை விளிம்புகளில் கூடு கட்டியவை. சன்ஷேடும் ஏசியின் வெளிப்பெட்டியும் அதற்கு அசல் பாறைத் திட்டு. அதனால் பயமுறுத்தித் துரத்தும் வேலையெல்லாம் வீண். இடத்தை அடைத்தால்தான் உண்டு.

முதலில் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள்

பூந்தொட்டிக்குப் பின்னால், ஏசிப் பெட்டிக்கு அடியில், பரண்மேல் தேடுங்கள். நாலு குச்சியைப் போட்டு அதைக் கூடு என்று சொல்லிக்கொள்ளும் பறவை இது, சட்டென்று கண்ணில் படாது. பொதுவாக இரண்டு முட்டை இருக்கும். பொரிக்க ஏறத்தாழ 18 நாள், குஞ்சு பறக்க அதன்பின் நாலைந்து வாரம். முட்டையோ குஞ்சோ உள்ளே இருக்கும்போது வலையைக் கட்டினால் தாய் வெளியே தவிக்கும், குஞ்சு உள்ளே செத்து நாறும். பொறுத்திருங்கள். ஆனால் குஞ்சு பறந்த அன்றே கூட்டை எடுத்துவிடுங்கள். நாங்கள் "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டதில் அடுத்த ஜோடி முட்டை வந்துவிட்டது.

சுத்தம்

காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகளும் கிருமிகளும் இருக்கலாம். ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி வருவதும் உண்டு. என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புத் தண்ணீரைத் தெளித்து அரை மணி நேரம் ஊறவிட்டு, கரண்டியால் சுரண்டிப் பையில் கட்டிப் போடுங்கள். நன்றாகக் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசல். கறை போகவில்லை என்று அதனுடன் கழிப்பறை ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம்.

என்ன வாங்குவது

புறாவுக்கு மட்டும் என்றால் இரண்டு அங்குலக் கண் வலை போதும். மைனாவும் வரும் இடமானால் ஓர் அங்குலத்தை ஒட்டிய கண் வேண்டும். நான் இரண்டாவதை வாங்கினேன். அதிலும் சிட்டுக்குருவி நுழையும், நுழையட்டும். வெயில் தாங்கும் நைலான்தானா என்று கேட்டு வாங்குங்கள். திறப்பின் அளவைவிட நாலு பக்கமும் அரை அடி கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள். கொக்கிகள் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். கடற்காற்றில் சாதாரணக் கொக்கி துருவாகச் சுவரில் வடியும். கேபிள் டை கறுப்பு நிறத்தில் மட்டும். வெள்ளை நிறத்தவை வெயிலில் சீக்கிரம் நொறுங்கிவிடுகின்றன.

இவற்றோடு, கொக்கிகளில் சுற்றிக் கட்டி வலையின் ஓரத்தை அதோடு தைக்க ஒரு சுருள் நைலான் கயிறு, மூன்று நாலு மில்லிமீட்டர் தடிமனில். முதல் முறை எங்களிடம் இல்லாமல் போனது இதுதான்.

கொக்கியும் ஓரக் கயிறும்

கொக்கிகளுக்கு ஆறு மில்லிமீட்டர் துளை, அதற்குள் ராவல் பிளக் என்ற பிளாஸ்டிக் உறை, அடிக்கு ஒரு கொக்கி. ட்ரில் பிடிக்கத் தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம். கீழ்வரிசைக் கொக்கிகள் கைப்பிடிச் சுவரின் மேற்பரப்பில், வெளி விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி இருக்கட்டும். இன்னும் ஓரத்தில் போட்டால் பூச்சு பெயர்ந்து வரும். ஸ்டூல்மேல் ஏறி வெளியே சாய்ந்து வேலை செய்யாதீர்கள். வெளிச்சுவரில்தான் அடிக்க முடியும் என்றால் இடுப்புப் பட்டை கட்டி வேலை செய்யும் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

முதலில் வந்த ஆள் வலையை நேரே கொக்கிகளில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று வாரத்தில், கீழே கொக்கிக்கும் கொக்கிக்கும் நடுவே வலை நாலு விரல் அளவு தொய்ந்திருந்தது. நாங்கள் ஊருக்குப் போய்த் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை உள்ளே ஒரு புறா, கொடிக்கயிறு அறுந்து கிடக்க, மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வழி தெரிந்து வந்ததற்கு வெளியே போகத் தெரியவில்லை.

சில நாள் நின்று கவனித்த பிறகுதான் புரிந்தது. புறா இடைவெளிக்குள் பறந்து நுழைவதில்லை, நடந்து நுழைகிறது. கைப்பிடிச் சுவரின்மேல் உலாவிக்கொண்டே வந்து, எங்கே வலை இளக்கமோ அங்கே நெஞ்சைக் கொடுத்துத் தள்ளும். அதனால் கீழ் ஓரம்தான் உயிர். மேல் ஓரத்தில் கொஞ்சம் அசிரத்தையாக இருந்தாலும் தப்பிக்கலாம்.

இரண்டாம் முறை நான் கயிறு போட்டும் சொதப்பினேன். நாலு பக்கத்துக்கும் நாலு துண்டாகக் கட்டியதால் மூலைகளில் இடைவெளி விழுந்தது. ஒரே கயிறாகப் போடுங்கள். ஒரு மூலைக் கொக்கியில் முடிந்து, எல்லாக் கொக்கிகள் வழியாகவும் சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே இழுத்துக் கட்ட வேண்டும். ஒருவர் இழுக்க, இன்னொருவர் ஒவ்வொரு கொக்கியிலும் கயிற்றைப் பிடித்துக்கொள்வது நல்லது. விரலால் சுண்டினால் தம்பூரா மாதிரி அதிர வேண்டும். நைலான் இழுபடும் சரக்கு. மறுநாள் சுண்டினால் சத்தம் வராது. மறுபடி இழுத்துக் கட்டிய பிறகே வலையைத் தொடுங்கள்.

வலையை மேல் ஓரத்தின் நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் கட்டிக்கொண்டு போங்கள், பிறகு பக்கவாட்டு ஓரங்கள், கடைசியில் கீழ் ஓரம். மேலேயும் பக்கங்களிலும் மூன்று கண்ணுக்கு ஒரு முடிச்சு போதும். கீழே ஒவ்வொரு கண்ணையும் கயிற்றோடு சேர்த்துத் தையுங்கள். ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போகும், போகட்டும். மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையில் வலையைக் கீறி, குழாயைச் சுற்றிக் கேபிள் டை போட்டு இறுக்குங்கள்.

வலைக்கு எட்டாத இடங்கள்

சன்ஷேடுக்கு முள்பட்டை ஒட்டலாம். தூசியும் எச்சமும் உள்ள பரப்பில் சிலிக்கான் பசை பிடிக்காது, கழுவிக் காயவைத்து ஒட்டுங்கள். விளிம்பில் ஒரே வரிசை ஒட்டினால் அதன் பின்னால் நிம்மதியாகக் குடியேறும். அகலம் முழுவதையும் மூட வேண்டும். முள்ளை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. 2023-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், பறவைகளை விரட்ட வைத்த முள்பட்டைகளையே பிய்த்து வந்து, காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த மேக்பை பறவைகள் கூடு கட்டியிருந்ததைப் பதிவு செய்தார்கள். நம் ஊர்க் காக்கைக்கு இன்னும் சேதி போகவில்லை என்று நினைக்கிறேன். என் தேர்வு சாய்பலகை. 45 பாகைக்கு மேல் சரிவாக ஒரு வழவழப்பான தகட்டைப் பொருத்தினால் புறாவால் காலூன்ற முடியாது.

சேர்க்கை: இந்தக் குறிப்பைப் படித்தவர்கள் எழுப்பிய சிக்கல்கள்

வாடகை வீடு, துளை போட விடமாட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். கிரில் இருந்தால் ஓரக் கயிற்றைக் கிரிலிலேயே கட்டலாம். இல்லையென்றால் பிவிசி குழாயில் திறப்பின் அளவுக்குச் சட்டம் செய்து, வலையை அதில் தைத்து, பால்கனித் தூண்களில் இறுக்கக் கட்டுங்கள். ஒட்டும் கொக்கிகள் ஒரு கோடையைத் தாண்டாது.

அணில் கடித்து ஓட்டை போட்டதாக ஒருவர் படம் அனுப்பினார். கீழ் ஒரு அடிக்கு மட்டும் கம்பி வலை சேர்த்துத் தைத்த பிறகு சரியாகிவிட்டதாம்.

குழந்தை விழாமல் இந்த வலை காக்குமா என்று ஒரு தாய் கேட்டிருந்தார். காக்காது. அதற்கு கிரில்தான் வேண்டும்.

கீழ்வீட்டு மாமி காக்கைக்கு வைக்கும் சோற்றில் பாதியைப் புறாக்கள்தான் தின்றுகொண்டிருந்தன. மாமியிடம் வைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மொட்டை மாடியில் வையுங்கள் மாமி, காக்கை எடுத்த பிறகு மிச்சத்தை நானே வாரிவிடுகிறேன்" என்றேன். இப்போது தினமும் காலையில் அது என் வேலை.

ஏசி சர்வீஸ் செய்ய வந்தவர் வெளிப்பெட்டியை எட்ட முடியாமல் என் வலையைக் கத்தரிக்கப் போனார். வலை கட்டும்போதே அந்தப் பக்கம் இரண்டு அடி நீளத்தைத் தைக்காமல், அவிழ்க்கக்கூடிய கொக்கிகளால் மட்டும் மாட்டி வையுங்கள். என் வீட்டில் அந்த இடத்தில் இப்போது ஒரு பழைய பையின் ஜிப் தைத்திருக்கிறது.