பெரிய ஃபைலை பிரவுசரில் டவுன்லோட் செய்வது எப்படி? உபுண்டுவை வைத்துப் பழகலாம்

பாட்டோ படமோ என்றால் தட்டியதும் இறங்கிவிடும். 5 ஜிபிக்கு மேல் போகும் ஃபைல் என்றால்தான் தலைவலி. பாதியில் நிற்கும், அல்லது வேறு எதையோ இறக்கி வைத்திருப்போம். உபுண்டு லினக்ஸ் என்பது விண்டோஸ் போன்ற ஓர் இயங்குதளம். அதை இன்ஸ்டால் செய்யத் தேவையான எல்லாம் அடங்கிய ஒற்றை ஃபைல்தான் ஐஎஸ்ஓ. அது இலவசம் என்பதால் பழகுவதற்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

1. சரியான இடத்துக்குப் போவது

கூகுளில் தேடி முதலில் கண்ணில் படுவதைத் தட்ட வேண்டாம், அது விளம்பரமாக இருக்கலாம். முகவரிப் பட்டையில் ரிலீசஸ் டாட் உபுண்டு டாட் காம் என்று ஆங்கிலத்தில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பதிப்புகளின் பட்டியல் வரும். 24.04 என்பதைத் திறங்கள். 2024ஆம் ஆண்டு, 4ஆம் மாதம் வெளிவந்தது என்பதுதான் அந்த எண்ணின் பொருள்.

2. ஃபைலைத் தேர்ந்தெடுப்பது

பக்கத்தின் அடியில் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். குழப்பமே இங்கேதான். பெயரில் டெஸ்க்டாப் என்று இருந்து, கடைசியில் ஐஎஸ்ஓ என்று முடிவதுதான் நமக்கு வேண்டியது. அதே பெயருக்குப் பின்னால் டாரன்ட், இசட்சிங்க் என்று வால் முளைத்தவை வேண்டாம். லைவ் சர்வர் என்பதும் வேண்டாம், அதில் ஜன்னல், ஐகான் எதுவும் இருக்காது, கறுப்புத் திரைதான். "ஏஎம்டி64 என்று போட்டிருக்கிறதே, என்னுடையது இன்டெல் ஆச்சே?" என்று பலரும் கேட்பார்கள். இந்த வகை 64 பிட் வடிவமைப்பை முதலில் கொண்டுவந்தது ஏஎம்டி, அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்டெல்லிலும் ஓடும்.

3. சேமிக்கும் இடம்

பிரவுசர் செட்டிங்ஸில், ஒவ்வொரு முறையும் எங்கே சேமிக்க வேண்டும் என்று கேட்கும் வசதியை ஆன் செய்துவிடுங்கள். நேராக பென்டிரைவில் சேமித்தால் ஒரு சிக்கல் வரலாம். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது, எவ்வளவு காலி இடம் இருந்தாலும் சரி.

4. இறங்கும்போது

கண்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் டவுன்லோட் பட்டியல் தெரியும். முடியும்வரை குரோமில் ஃபைல் பெயரின் கடைசியில் சிஆர்டவுன்லோட் என்றும், ஃபயர்பாக்ஸில் பார்ட் என்றும் இருக்கும். அதன் பெயரை மாற்றாதீர்கள். லேப்டாப் தூங்கப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெட் போய்விட்டால் ரெஸ்யூம் கொடுங்கள். விட்ட பைட்டிலிருந்து தரும் வசதி சர்வரில் இருந்தால்தான் தொடரும், இல்லையென்றால் முதலிலிருந்துதான்.

பழைய குறிப்புகளில் எஃப்டிபி (ஃபைல்களை அனுப்பும் பழைய முறை) என்று தொடங்கும் முகவரிகள் இருக்கும். குரோமும் ஃபயர்பாக்ஸும் 2021இலேயே அந்த வசதியை எடுத்துவிட்டன. அதே ஃபைலுக்கு ஹெச்டிடிபிஎஸ் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள்.

5. முழுசாக வந்ததா?

இதை நான் பல நாள் செய்ததே இல்லை. ஒருமுறை குறைபட்ட ஐஎஸ்ஓவை வைத்து இன்ஸ்டால் செய்யப் போய், ஒரு மாலைப் பொழுதே வீணானது. அதே பட்டியலில் எஸ்ஹெச்ஏ256சம்ஸ் என்ற சின்ன ஃபைல் இருக்கும். திறந்தால் ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் எதிரே எழுத்தும் எண்ணும் கலந்த 64 குறிகள் தெரியும். ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை மாதிரி அது. விண்டோஸில் செவன் ஜிப் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளைப் போட்டிருந்தால், இறங்கிய ஃபைல் மீது ரைட் கிளிக் செய்து எஸ்ஹெச்ஏ-256 தேர்ந்தெடுங்கள். அது காட்டுவதும் அந்தச் சின்ன ஃபைலில் இருப்பதும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.