லைசன்ஸ் புதுப்பிக்கப் போகுமுன் கண்ணையும் பிரஷரையும் பாருங்கள்

இலங்கையில் 60 வயது தாண்டியவர்களுக்கு சாரதி அனுமதிப்பத்திரம் புதுப்பிப்பதில் கடதாசி வேலை சுலபம். இழுபடுவது மெடிக்கல் என்கிற மருத்துவப் பரிசோதனையில்தான். அதனால் முடிவுத் திகதிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள்.

முதலில் கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வாகன வகுப்புக்கும் தனித்தனித் திகதி இருக்கும். மோட்டார் சைக்கிள், ஆட்டோ, கார் போன்ற இலகுரக வகுப்புகளுக்கு 8 வருடம், லொறி, பஸ் போன்ற கனரக வகுப்புகளுக்கு 4 வருடம். கார் வகுப்பு செல்லுபடியாக இருக்கும், லொறி வகுப்பு எப்போதோ முடிந்திருக்கும். முன்பக்கத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இனி லொறி ஓட்டப் போவதில்லை என்றால் அந்த வகுப்பை விட்டுவிடலாம், கனரக வாகனத்துக்கான மெடிக்கல் கடுமையானது. வயலுக்கு லேண்ட் மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) கொண்டு போகிறவர்கள் அதற்குரிய ஜி1 வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கார் லைசன்ஸ் இருந்தால் எல்லாம் ஓட்டலாம் என்பது சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் பலருடைய நினைப்பு. அது சரியில்லை.

அடுத்தது கண். வீட்டு முற்றத்திலேயே சோதிக்கலாம். நல்ல பகல் வெளிச்சத்தில், நிறுத்தியிருக்கும் வாகனத்திலிருந்து 20 மீட்டர், அதாவது ஏறக்குறைய 25 காலடி எடுத்து வைக்கும் தூரம் தள்ளி நின்று, நம்பர் பிளேட்டை வாசியுங்கள். பிறகு ஒரு கண்ணை உள்ளங்கையால், அழுத்தாமல், மூடி வாசியுங்கள். மற்றக் கண்ணுக்கும் அப்படியே. ஒரு கண்ணில் வெண்புரை முற்றியிருந்தாலும் மற்றக் கண் சமாளித்துக்கொண்டிருப்பதால் ஆளுக்குத் தெரியாமலே போகும். இரவில் எதிரே வரும் லைட் பூவாய் விரிந்து கண்ணைக் கூசுவதும் வெண்புரையின் அடையாளம்தான். முன்னால் தெளிவாகத் தெரிந்தும் பக்கத்தில் வரும் சைக்கிள் பிந்தித் தெரிகிறது என்றால் கண் அழுத்தத்தைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

கண் கிளினிக்குக்குத் தனியே பைக்கில் போக வேண்டாம். கண்மணியை விரிக்க மருந்து விட்டால் நாலைந்து மணித்தியாலம் பார்வை மங்கலாகவே இருக்கும். மகனையோ மருமகனையோ கூட்டிப் போங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னொரு விசயம்: சீனி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது கண்ணாடி எழுதுவித்தால் காசு வீண். சீனி கூடும்போது கண்வில்லை ஊதி, பார்வை இலக்கமே மாறிவிடும். சில வாரம் கட்டுப்பாட்டில் வைத்துவிட்டு அளவெடுங்கள். வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குப் பொதுவாக நாலு தொடக்கம் ஆறு கிழமை கழித்துத்தான் கண்ணாடி எழுதுவார்கள். அதற்கு முன் மெடிக்கலுக்கு நாள் எடுப்பதில் பயனில்லை.

கண்ணாடி கைக்கு வந்த பிறகு தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் மாவட்டக் கிளையில் மெடிக்கலுக்கு நாள் பதியுங்கள். அங்கே கிடைக்கும் சான்றிதழ் 6 மாதம் செல்லும், அதனால் மிக முந்தியும் எடுக்க வேண்டாம். தேசிய அடையாள அட்டை, பழைய லைசன்ஸ், கண்ணாடி, கேட்கும் கருவி பாவித்தால் அது, கிளினிக் கொப்பி, குடிக்கும் மாத்திரைகளின் பெயர் எழுதிய துண்டு, இவ்வளவும் கையில் இருக்கட்டும்.

அன்று காலை பிரஷர் மாத்திரையை வழக்கம்போல் போடுங்கள். 'செக்கப்தானே' என்று மாத்திரையை விட்டுவிட்டு வந்து 170, 180 காட்டித் திரும்பிப் போகிறவர்கள் ஏராளம். சீனிக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்க வேண்டாம். நடுக்கமும் வியர்வையும் வந்து அங்கேயே மயங்கலாம். பிரஷர் அளப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பிருந்தே தேத்தண்ணி, புகையிலை வைத்த வெற்றிலை, சிகரெட் மூன்றும் கூடாது. சலம் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையைத் தாங்கலில் வைத்து அளந்தால்தான் உண்மையான அளவு வரும். சட்டைக் கை மேலே சுருட்டக்கூடிய மாதிரி தளர்வாக இருக்கட்டும்.

வலிப்பு, மயக்கம், பாரிசவாதம் வந்திருந்தால் டொக்டரிடம் மறைக்காதீர்கள். விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ்காரர் கிளினிக் கொப்பியைக் கேட்டால் மறைத்ததெல்லாம் வெளியே வரும். 'மெடிக்கல் இல்லாமலே எடுத்துத் தாறன்' என்று வரும் தரகரிடமும் காசு கொடுக்காதீர்கள்.

சான்றிதழோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். இங்கே சிக்கல் பெரும்பாலும் பெயரில். அடையாள அட்டையில் ஒரு முதலெழுத்து, லைசன்ஸில் வேறு முதலெழுத்து என்றால் பிறப்புச் சான்றிதழையும் கொண்டு போங்கள். புதிய 12 இலக்க அடையாள அட்டை எடுத்தவர்கள் பழைய இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்: பழைய 9 இலக்கத்தின் முன் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பின் ஒரு 0 போட்டால் புதிய இலக்கம் வரும், கடைசி எழுத்து இராது. கட்டணம் மாறுவதால் அன்றைய தொகையைக் கவுண்டரில் கேட்டுக் கட்டுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தற்காலிக அனுமதிப்பத்திரம் தந்தால் அதன் முடிவுத் திகதியை அங்கேயே வாசித்துவிடுங்கள்.

கார்டு கைக்கு வந்ததும் வகுப்புகள் விடுபடாமல் இருக்கின்றனவா, அடையாள அட்டை இலக்கம், இரத்த வகை சரியா என்று பாருங்கள். கண்ணாடி அணிய வேண்டும் என்று அதில் பதிந்திருந்தால் உதிரிக் கண்ணாடி ஒன்று வாகனத்திலேயே கிடக்கட்டும்.